செகண்ட் ஹேண்ட் டீசல் லோடு வண்டி... வாங்கலாமா, வேண்டாமா?

முன்பணம் கொடுக்கும் முன் போட வேண்டிய கணக்கும், பார்க்க வேண்டிய இடங்களும்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டோ, தோவாளை பூச்சந்தையோ, விடியற்காலையில் போய் நின்று பாருங்கள். வரிசையாக நிற்பவை சின்ன லோடு வண்டிகள்தான். 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது நம் ஊர் அதற்கு ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்தது. இன்று எந்தக் கம்பெனியின் சின்ன லோடு வண்டியைப் பார்த்தாலும் பலர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

தினமும் வாடகைக்கு வண்டி பிடிக்கும் வியாபாரிக்கு ஒரு கட்டத்தில் அந்த எண்ணம் வரும். ‘இவ்வளவு வாடகை கொடுக்கிறதுக்கு நாமளே ஒண்ணு வாங்கிட்டா என்ன?’ புது வண்டியின் விலை மலைக்க வைக்கும். அப்போது கண்ணில் படுவது பழைய டீசல் வண்டி. புரோக்கரும் சொல்வார்: “சிங்கிள் ஓனர்ண்ணே, இன்ஜின் கை வைக்காத வண்டி. நாளைக்கு வந்தீங்கன்னா இருக்காது.”

வண்டி நன்றாக அமைந்தால் குடும்பத்துக்கே ஒரு சம்பாத்தியம். சரியில்லை என்றால் அடகு வைத்த நகையும் போய், மாதத் தவணையும் நின்று, வண்டி மெக்கானிக் ஷெட்டில் கிடக்கும். ஆகவே வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேப்பரும் பேனாவும் எடுங்கள்.

மாதம் எத்தனை நாள் ஓடும்?

ஓர் உதாரணம் பார்ப்போம். வண்டி விலை 4.5 லட்சம். கையிலிருந்து 1.5 லட்சம், பைனான்ஸில் 3 லட்சம், மூன்று வருடத் தவணை. வட்டி ‘பத்து பர்சன்ட்தான்’ என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். பழைய வண்டிக் கடனில் சொல்லப்படும் வட்டி பெரும்பாலும் ‘ஃப்ளாட்’ வட்டி. அதாவது, நீங்கள் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும், மூன்று வருடமும் முழு 3 லட்சத்துக்கே வட்டி. மொத்த வட்டி 90,000 ரூபாய். மாதத் தவணை 10,833 ரூபாய். குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் வங்கிக் கணக்கில் பார்த்தால், இது கிட்டத்தட்ட 18 சதவிகித வட்டிக்குச் சமம். எனவே ‘எத்தனை பர்சன்ட்’ என்று மட்டும் கேட்காமல், ‘மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டணும்’ என்று கேளுங்கள்.

அடுத்து இன்ஷூரன்ஸ். பைக், காருக்குக் கட்டிப் பழகியவர்கள் இங்கே அசந்துபோவார்கள். 7,500 கிலோ மொத்த எடைக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் 2022-ல் நிர்ணயித்த அடிப்படைத் தொகை 16,049 ரூபாய். வரி தனி. எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 18,000 என்று வைத்தால், மாதம் 1,500. எஃப்.சி., ரோடு டாக்ஸ், புகைச் சான்றிதழுக்கு மாதம் 1,000 என்று ஒதுக்குவோம்.

ஆக, வண்டி வாசலில் சும்மா நின்றாலும் மாதம் 13,333 ரூபாய் செலவு.

இனி ஓடும் செலவு. ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர், லிட்டருக்கு 14 கிலோமீட்டர் மைலேஜ், டீசல் 92 ரூபாய் என்றால் ஒரு நாள் டீசல் சுமார் 395 ரூபாய். ஆயில், டயர், சில்லறை வேலைகளுக்கு நாளுக்கு 160 ரூபாய். மொத்தம் 555 ரூபாய். அதே நடைக்கு வாடகை வண்டிக்கு 1,200 ரூபாய் கொடுக்கிறீர்கள் என்றால், சொந்த வண்டியில் ஒரு நாளைக்கு மிச்சம் 645 ரூபாய்.

மாதச் செலவான 13,333-ஐ 645-ஆல் வகுத்தால், ஏறக்குறைய 21 நாள். மாதம் 21 நாள் ஓடினால்தான் வாடகையும் சொந்த வண்டியும் சமம். 25 நாள் ஓடினால் லாபம். வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் சரக்கு எடுப்பவருக்கு வாடகை வண்டியே நல்லது. வாடகை 1,200-ல் டிரைவர் கூலியும் சேர்ந்திருக்கிறது. சொந்த வண்டியில் அந்த வேலை உங்கள் தலையில், அல்லது தனிச் சம்பளம்.

கடன் முடிந்த பிறகு நிலைமை மாறும். நிரந்தரச் செலவு மாதம் 2,500-க்கு இறங்கும். நான்கு நாள் ஓடினாலே கட்டுப்படியாகும். அதற்கு வண்டி அந்த மூன்று வருடமும் பெரிய வேலை வைக்காமல் ஓடியிருக்க வேண்டும். வண்டியைத் துருவிப் பார்க்கச் சொல்வது இதற்குத்தான்.

மேலே உள்ளவை உதாரண எண்கள். உங்கள் ஊர் வாடகை, உங்கள் தூரம், உங்களுக்குக் கிடைக்கும் தவணையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

உங்கள் லோடுக்கு ஏற்ற வண்டியா?

டாடா ஏஸ் அடிப்படை மாடல் ஏறத்தாழ முக்கால் டன் சுமக்கும். ஓசூரில் தயாரான அசோக் லேலண்ட் தோஸ்த் சுமார் ஒன்றேகால் டன். மஹிந்திரா பொலிரோ பிக்கப் மாடலைப் பொறுத்து அதற்கு மேலும் சுமக்கும். சரியான எடை ஆர்.சி.யில் இருக்கும். ‘ஒன்றரை டன் போட்டாலும் இழுக்கும்’ என்ற பேச்சை நம்பி முக்கால் டன் வண்டியை வாங்காதீர்கள். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

டீசல்தான் வேண்டுமா?

தினமும் நீண்ட தூரம், நிறை லோடு என்றால் டீசலின் இழுவையும் மைலேஜும் கைகொடுக்கும். ஊருக்குள்ளேயே பத்து கிலோமீட்டர் சுற்றித் தண்ணீர் கேன் போடுபவர் பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிகளையும் பார்ப்பது நல்லது.

காரணம், 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதி. அதன்பின் வந்த டீசல் வண்டிகள் பலவற்றில், புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. வண்டி நல்ல சூட்டில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடினால்தான் சேர்ந்த கரி எரிந்து வடிகட்டி சுத்தமாகும். நின்று நின்று ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் விளக்கு எரியும், இழுவை குறையும், செலவு வைக்கும். பி.எஸ்.6 வண்டி பார்த்தால் சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைகின்றனவா என்று கவனியுங்கள். ஆரம்பத்திலேயே எரியவில்லை என்றால், யாரோ விளக்கைக் கழற்றியிருக்கக்கூடும்.

பி.எஸ்.4 வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால், அவை 2020 மார்ச் வரை விற்றவை. சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி.; அதன்பின் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்ந்துவிட்டது. ஆகவே, ‘விலை மலிவு’ என்று மிகப் பழைய வண்டிக்குப் போகாதீர்கள்.

முன்பு என்ன ஏற்றினார்கள்?

கிலோமீட்டர் மீட்டரைத் திருத்திவிடலாம். வண்டி செய்த வேலையின் தழும்பை மறைப்பது கடினம். மீன் ஏற்றிய வண்டியில் உப்புத் தண்ணீர் ஒழுகி, தளமும் சேஸிஸும் உள்ளுக்குள் துருப்பிடித்திருக்கும். மணல், ஜல்லி ஏற்றிய வண்டி பாரத்தில் தேய்ந்திருக்கும். கூரியர், பிஸ்கட், பால் பாக்கெட் ஓட்டிய வண்டிக்குப் பாரம் அவ்வளவாக இருந்திருக்காது. ஆனால் கிலோமீட்டர் அதிகம் ஓடியிருக்கும்.

குனிந்து அடியில் பாருங்கள். சேஸிஸில் புதிய வெல்டிங், ஒரு இடத்தில் மட்டும் பளிச்சென்று பெயின்ட், பின்பக்கத்தில் கூடுதலாகச் சேர்த்த பட்டைகள் இருந்தால், ஓவர்லோடில் ஓடிய வண்டி என்று எடுத்துக்கொள்ளலாம். டயர் ஒரு ஓரமாக மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கோளாறோ, பழைய விபத்தோ இருக்கலாம்.

இன்ஜினின் பேச்சைக் கேளுங்கள்

காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். ‘ஸ்டார்ட் பண்ணி ரெடியா வெச்சிருக்கேன்’ என்றால், இன்ஜின் ஆறும்வரை காத்திருங்கள், அல்லது மறுநாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

* கிளம்பியதும் லேசாக வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளையாக வந்தால், கூலன்ட் உள்ளே இறங்குகிறதோ என்று பார்க்க வேண்டும்.
* நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. இன்ஜின் வேலை நெருங்கிவிட்டது.
* விடாத கருப்புப் புகை என்றால் இன்ஜெக்டர், பம்ப், ஏர் ஃபில்டர் அல்லது டர்போ பக்கம் கோளாறு.
* இன்ஜின் ஓடும்போது மெக்கானிக்கை விட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ‘குப் குப்’ என்று பலமாகப் புகை அடித்தால் அது பேக் கம்ப்ரஷன். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன.
* மூடியின் அடியில் பால்கலந்த காபி நிறத்தில் பிசுக்கு இருந்தால், ஆயிலும் தண்ணீரும் கலந்திருக்கலாம்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். வெறும் வண்டியாக இல்லாமல் அரை டன்னாவது ஏற்றி, ஒரு மேட்டில் ஓட்டுங்கள். கிளட்ச் வழுக்குவது, கியர் தானாகக் கழல்வது, பின் ஆக்சிலில் ‘உம்ம்’ என்ற ஓலம், பிரேக் ஒரு பக்கம் இழுப்பது எல்லாம் பாரத்தில்தான் தெரியும். ஏற்றிப் பார்க்க விற்பவர் மறுத்தால், வேறு வண்டி பாருங்கள்.

இதற்கெல்லாம் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். அவருக்கு ஆயிரம், இரண்டாயிரம் கொடுப்பது வீண் செலவல்ல. இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்கப் பல பத்தாயிரங்கள் ஆகும். விற்பவரோ புரோக்கரோ சொல்லும் மெக்கானிக் வேண்டாம்.

பேப்பர்தான் பாதி வண்டி

வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டால், எஃப்.சி., இன்ஷூரன்ஸ் எதுவரை இருக்கிறது, கடன் பதிவு உண்டா என்று தெரியும். இ-சலான் தளத்தில் அபராத பாக்கியையும் பார்த்துவிடலாம். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியில் இருப்பதோடு நீங்களே ஒப்பிடுங்கள்.

பைனான்ஸ் முடிந்துவிட்டது என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. பைனான்ஸ் நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கையில் வேண்டும். வெளி மாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி., அதாவது படிவம் 28, இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். டெல்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. அந்தத் தடை தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. அங்கிருந்து வரும் வண்டி மலிவாக இருந்தாலும் வயதையும் பேப்பரையும் இரட்டிப்பாகப் பாருங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ‘கையெழுத்துப் போட்டுத் தர்றேன், நேரம் கிடைக்கும்போது மாத்திக்கோங்க’ என்பது நம் ஊரில் வழக்கம். இது இரு பக்கமும் ஆபத்து. வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக, விற்றவருக்கு அது தலைவலி. வாங்கியவருக்கோ, இன்ஷூரன்ஸ் தன் பெயருக்கு மாறாதவரை வண்டிச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது சிக்கல். இன்ஷூரன்ஸ் மாற்றத்துக்கு 14 நாளுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது.

லைசென்ஸ் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி பேட்ஜ் இல்லாமல் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்திருக்கிறது.

விலை பேசும்போது

மெக்கானிக் சொன்ன வேலைகளை ஒரு தாளில் எழுதி, எதிரே தொகை போடுங்கள். நாலு டயர், கிளட்ச், பேட்டரி, காலாவதியான இன்ஷூரன்ஸ், நெருங்கிவிட்ட எஃப்.சி. என்று கூட்டினால், பேரம் பேச அந்தத் தாளே போதும். ‘வேற பார்ட்டி அட்வான்ஸோட வர்றாங்க’ என்ற அவசரத்துக்கு மட்டும் மசியாதீர்கள். வண்டி போனால் இன்னொன்று வரும்.

கையிலிருக்கும் பணம் முழுவதையும் வண்டியில் போட வேண்டாம். வாங்கிய முதல் மூன்று மாதத்தில் பழைய வண்டி ஏதாவது ஒரு வேலை வைக்கும். அதற்கென முப்பது, நாற்பதாயிரம் தனியாக வைத்துக்கொண்டு, மீதியில் என்ன வண்டி கிடைக்கும் என்று பாருங்கள். அந்தப் பணத்துக்கும் சேர்த்து நகை அடகு வைக்க வேண்டிய நிலை என்றால், இன்னும் ஆறு மாதம் வாடகை வண்டியிலேயே ஓட்டுங்கள். தவணை கட்டுவதாக நினைத்து, மாதா மாதம் அதே 10,833 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். ஆறு மாதத்தில் 65,000 ரூபாய் சேர்ந்திருக்கும். அந்தத் தொகையைத் தவறாமல் எடுத்து வைக்க முடிந்ததா, முடியவில்லையா என்பதிலிருந்தே தவணை உங்களுக்குத் தாங்குமா என்பதும் தெரிந்துவிடும்.