வீடற்ற சிறாரும் விடுமுறைக் கல்வியும்

எழுத்தறிவு பள்ளிக்கூடத்திலே தொடங்குவதாயினும் வீட்டிலேயே வேரூன்றுகின்றது. மாலையில் விளக்கடியிற் புத்தகம் விரிக்க ஓரிடமும், பிழைகண்டு திருத்த ஒரு மூத்தவரும் வேண்டும். வீடே இல்லாத பிள்ளைக்கு இவை யாண்டுக் கிடைக்கும்?

கொழும்பு நகரத்தார்க்கு இவ்வினா புதியதன்று. 1958ஆம் ஆண்டுக் கலவரத்திலே றோயல் கல்லூரியும், 1983இற் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் அகதிகளின் உறைவிடமாயின. வகுப்பறையே படுக்கையறையானபோது பாடம் நடத்தல் எங்ஙனம்? கலவரமின்றியும் வீடிழப்பார் உளர். 2010 மே மாதத்திற் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டமை பலரும் அறிந்ததே.

இத்தகைய பிள்ளைக்கு நூல்களுள்ள இடம் பள்ளி ஒன்றே. விடுமுறையில் அதுவும் மூடப்படுகின்றது. அமெரிக்காவில் ஹரிஸ் கூப்பர் முதலியோர் 1996இல் 39 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, கோடை விடுமுறையில் மாணாக்கர் தேர்ச்சி சராசரியாக ஒரு மாதக் கல்வியளவு குன்றுகிறதென்றும், வாசிப்பில் வறிய பிள்ளைகளே பின்தங்குகின்றனரென்றும் கண்டனர். அவ்வளவைப்பற்றிப் பின்வந்தோர் சிலர் ஐயுற்றனர். நம் ஆகஸ்ட் விடுமுறை அத்துணை நீண்டதுமன்று. ஆயினும் பாயும் பெட்டியும் சுமந்து இடம்பெயரும் பிள்ளைக்கு ஒரு மாதமும் சிறிதன்று.

விடுமுறை வகுப்புக்கு வேண்டிய மண்டபங்கள் நம்மிடையே உள. வெள்ளவத்தையில் 1942இல் நிறுவப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கமும், கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் 1902இல் தோன்றிய விவேகானந்த சபையும் கல்வித்தொண்டில் நெடுநாட் பழகியவை. ஆனால் முகவரி கேட்கும் வழக்கத்தை வாயிலிலேயே விட்டுவிடல் வேண்டும். முதலாம் வகுப்பிற் சேர்ப்பதற்கு வாக்காளர் இடாப்பும் காணியுறுதியும் கேட்கும் நாட்டிலே, வீடற்றோர் எதைக் காட்டுவர்?

கற்பிக்கும் முறையே இங்குத் தலையாயது. முதல்நாளே பாடநூலைத் திணித்தல் பயனற்றது. நியூசீலாந்து மயோரிச் சிறார்க்குச் சில்வியா ஆஷ்டன்-வார்னர் கையாண்ட முறை நமக்கும் ஏற்றது. அதனை அவர் 1963இல் நூலாக வெளியிட்டார். பிள்ளை தனக்கு நெருக்கமானதைச் சொல்ல, ஆசிரியர் எழுதுவார். பிள்ளை தன் சொல்லையே வாசிக்கும். தண்ணீர்க் குழாயடிச் சண்டையும் முதற் பாடமாகலாம். தமிழில் இதற்கொரு தனிப்பயனும் உண்டு. ‘வந்திட்டார்’ எனச் சொன்ன பிள்ளை, அதனருகே ‘வந்துவிட்டார்’ என எழுதக் காணும்போது பேச்சுத்தமிழிலிருந்து நூற்றமிழுக்குப் படியேறுகின்றது. காலையுணவு முன்னரும் பாடம் பின்னரும் ஆதல் நன்று. பசித்த வயிற்றோடு நெட்டெழுத்தையும் குற்றெழுத்தையும் பிரித்தறிதல் எளிதோ!

எழுதிய கொப்பி பிள்ளையிடமே இருத்தல் வேண்டும். குடும்பம் வேறிடம் பெயருமாயின் அதுவும் கூடச் செல்லும். அங்குள்ள ஆசிரியர் அதன் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குவார்.