கனூ வாங்கும்முன் அதற்குள் காலை விட்டுப் பாருங்கள்

ஒன்ராறியோவின் மடவாஸ்கா ஆற்றில் பாமர் றப்பிட்ஸ் என்பது பாய்நீரில் கனூ ஓட்டப் பழகுபவர்களுக்குப் பெயர்போன இடம். பாய்நீரில் அது கடினமானதும் அல்ல. பழைய கனூ ஒன்றை வாங்கி முதன்முதலாக அங்கே இறக்கிய அன்று வள்ளம் கவிழ்ந்தது. என் வலது சப்பாத்து இருக்கைக்கடியில் செருகிக்கொண்டது. தலை தண்ணீருக்குள் இருந்தது, கால் மட்டும் வரவில்லை. மூன்று நான்கு விநாடிகள்தான் இருக்கும். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வெளியே வந்தேன். முன்பு வைத்திருந்தவர், ஆட்டம் குறையட்டும் என்று இருக்கையைத் தாழ்த்திப் பூட்டியிருந்தார். விற்கும்போது அவர் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால் கனூ பார்க்கப் போகிறவர்களுக்கு முதலில் நான் சொல்வது இதுதான்: ஆற்றில் போடப்போகும் அதே சப்பாத்தோடு போங்கள். முழங்காலில் இருந்து, இரண்டு பாதங்களையும் இருக்கைக்கடியில் விட்டுச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் உரசினாலும் அந்த இருக்கையை உயர்த்தாமல் ஆற்றில் இறக்கக் கூடாது. தொடைப் பட்டிகள் இருந்தால் அவை ஒரே இழுப்பில் கழல வேண்டும்.

தனியாகவும் இருவராகவும் பல நாள் ஆற்றுப் பயணம் போக ஒரே கனூ வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் 16 அடியில் வந்து நிற்கிறார்கள். நியாயமான அளவுதான். ஆனால் நீளத்தை விட முக்கியமானவை அடிப்பாகத்தின் வளைவும் ஆழமும். அணியமும் பின்பக்கமும் சற்று மேல்நோக்கி வளைந்திருந்தால் பாறைகளுக்கிடையே சட்டென்று திரும்பும். அதே வளைவு அமைதியான ஏரியில் நேராக ஓட விடாமல் உங்களைக் களைக்க வைக்கும். நடுவில் 15 அங்குலமளவு ஆழம் இருந்தால், இரண்டு பேரும் மூட்டைகளும் ஏறிய பிறகும் அலை உள்ளே விழுவது குறையும். தனியாகப் போகிறவர் பின் இருக்கையில் இருந்தால் அணியம் தூக்கிக்கொள்ளும், காற்று அதைப் பிடித்துச் சுற்றும். அவர் நடுவில் முழங்காலிட வேண்டும், அல்லது முன் இருக்கையில் திரும்பி அமர்ந்து கனூவைப் பின்புறமாக ஓட்ட வேண்டும். இரண்டு முனைகளும் ஒரே வடிவில் இருந்தால்தான் அது சரிவரும். கடையில் நிற்கும்போதே இதைக் கேளுங்கள்.

பழைய பாய்நீர்க் கனூக்களில் பெரும்பாலானவை ரொயலெக்ஸ் என்ற பிளாஸ்ரிக் அடுக்குகளால் ஆனவை. பாறையில் மடிந்தாலும் நிமிர்ந்துவிடும் பொருள் அது. 2014ஆம் ஆண்டோடு அதன் தயாரிப்பு நின்றுபோனது. பிறகு கியூபெக்கின் எஸ்கிஃப் நிறுவனம் ரி-ஃபோர்மெக்ஸ் என்ற மாற்றைக் கொண்டுவந்தது. ஆகவே இன்று உங்கள் முன் வரும் ரொயலெக்ஸ் கனூ எதுவும் பத்து வயதைத் தாண்டியது. வெயிலில் கிடந்திருந்தால் மேற்தோல் வெளிறி, நகத்தால் அழுத்தினால் விறைப்பாகத் தெரியும். மர விளிம்புப் பட்டை உள்ள கனூவில் ஒவ்வொரு திருகாணியையும் விரலால் தடவிப் பாருங்கள். கடுங்குளிரில் பிளாஸ்ரிக் சுருங்கும் அளவுக்கு மரம் சுருங்காது. அதனால் திருகாணித் துளையிலிருந்து மயிரிழைபோல வெடிப்பு கீழே இறங்கும். குளிர்காலத்தில் திருகாணிகளைத் தளர்த்தி வைப்பதற்கும் இதுதான் காரணம். இப்படியான ஒரு வெடிப்பின்மேல் ஒட்டிய ஸ்ரிக்கரை நானே உரித்துப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது காற்றுப் பைகள். நீர் நிரம்பிய 16 அடிக் கனூ அரைத் தொன்னுக்கு மேல் எடை கொண்டது. அதற்கும் பாறைக்கும் நடுவில் ஒருபோதும் இருக்கக் கூடாது. கவிழ்ந்தால் வள்ளத்துக்கு நீரோட்டம் வரும் பக்கமாகவே நீந்த வேண்டும். ஓடும் நீரில் எழுந்து நிற்கவும் கூடாது. முன்னும் பின்னும் கட்டிய பைகள் நீர் புகும் இடத்தைக் குறைத்து, கனூவை மேலே மிதக்க வைக்கும். கட்டும் வளையங்கள் இல்லாத கனூ மலிவாகக் கிடைத்தால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

சட்டப்படி ஒவ்வொருவருக்கும் அளவான, அங்கீகரிக்கப்பட்ட உயிர்காப்பு அங்கி கனூவில் இருக்க வேண்டும். மிதக்கும் 15 மீற்றர் எறிகயிறும் விசிலும் வேண்டும். ஊதிப் பெருக்கும் அங்கி பாய்நீருக்கு அனுமதிக்கப்பட்டதல்ல. அங்கியைப் போட்டுக்கொள்வது பற்றி யாரோடும் வாதாடாதீர்கள், போடுங்கள். குளிர்நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணித்தியாலம் என்று மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ற் கற்பிக்கிறார். அந்த முதல் நிமிடத்தில் உங்களை மிதக்க வைப்பது அங்கிதான். குடித்துவிட்டும் ஆற்றில் இறங்காதீர்கள்: 2017 ஏப்ரலில் மஸ்கோக்கா ஆற்றில் கனூ கவிழ்ந்து எட்டு வயதுச் சிறுவன் இறந்தான். குடித்துவிட்டு ஓட்டியவர் 2019இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். குற்றவியல் சட்டத்தில் கனூவும் ஒரு கலம்தான் என்பது அந்த வழக்கில் உறுதியாயிற்று.

இனி உங்கள் உரிமை. ஒன்ராறியோவில் கடையில் வாங்கினால், தரம், பொருத்தம் பற்றிப் பொருள் விற்பனைச் சட்டம் தரும் உள்ளார்ந்த உறுதிகளை "உள்ளபடியே விற்பனை" என்ற வரியால் கடைக்காரர் பறிக்க முடியாது. உங்கள் நோக்கத்தை எழுத்தில் சொல்லுங்கள்: "இருவரும் மூட்டைகளும், தனியாகவும், இரண்டாம் மூன்றாம் தரப் பாய்நீரில்." அதை நம்பி அவர் தெரிவுசெய்து தந்தது பொருந்தாவிட்டால் கேள்வி கேட்க இடமுண்டு. ஆனால் நீங்கள் பார்த்துச் சோதித்து வாங்கினால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குத் தரம் பற்றிய உறுதி துணைவராது. கடைக்காரர் பொய் சொல்லி விற்றிருந்தால் ஒரு வருடத்துக்குள் எழுத்தில் அறிவித்து ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம்.

தனியாரிடம் வாங்கும்போது இவ்வளவு பாதுகாப்பு இல்லை. பொருளின் தரத்தைப் பொறுத்தவரை, அவர் சொன்ன விவரம் பொய்யென்றால்தான் பெரும்பாலும் பிடி. ஆகவே விளம்பரத்தைப் படம்பிடித்து வையுங்கள். "வெடிப்பு இல்லை, பழுது பார்க்கப்படவில்லை" என்பதைக் குறுஞ்செய்தியிலாவது வாங்குங்கள். பின்பக்கம் வலப்புறத்தில் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட கலத் தொடரெண் இருக்கும். கடைசி இரண்டு இலக்கங்கள் பொதுவாக மாதிரி ஆண்டைக் காட்டும். அது சுரண்டப்பட்டிருந்தால் வாங்காதீர்கள். திருடிய பொருளை உண்மையான சொந்தக்காரர் மீட்டுக்கொள்ளலாம், உங்கள் பணத்தை விற்றவரிடமிருந்து திரும்பப் பெறுவது கடினம். தொடரெண்ணோடும் கையெழுத்தோடும் பற்றுச்சீட்டு எழுதச் சொல்லுங்கள். தகராறு வந்தால் சிறுகோரிக்கை நீதிமன்றத்தில் நீங்கள் நீட்டப்போவது அந்தத் தாளைத்தான். அங்கே போவதற்குக் குறை தெரிந்த நாளிலிருந்து பொதுவாக இரண்டு வருடம் இருக்கிறது.