கட்டளையை மறக்கும் மூளை

கலிபோர்னியச் சிறைகளில் அபாய மணி அடித்தால் கைதிகள் நின்ற இடத்திலேயே தரையோடு தரையாகிவிட வேண்டும். நின்றுகொண்டே இருப்பவர் காவலர் கண்ணுக்கு முரண்டு பிடிப்பவர். ஆனால், அந்த மணி எதற்காக அடிக்கிறது என்பதே ஒருவருக்கு மறந்துபோயிருந்தால்?

இந்தக் கேள்வி இன்று பல நாட்டுச் சிறைகளை வாட்டுகிறது. காரணம், கைதிகள் முதுமையடைந்துகொண்டே வருகிறார்கள். அமெரிக்க மாநிலச் சிறைகளில் 1993-ல் 55 வயதைத் தொட்டவர்கள் 3 சதவீதம்தான். 2013-ல் 10 சதவீதம். தலைக்கணக்கில் 26,300 பேர் 1,31,500 ஆனார்கள். நீண்ட தண்டனைகளும், வயதான பின் சிறைக்கு வருவோர் பெருகியதும் இதற்குக் காரணங்கள்.

முதுமையோடு மறதி நோயான டிமென்ஷியாவும் வருகிறது. படிப்புக் குறைவு, தலைக்காயம், புகை, மது, மனச்சோர்வு, தனிமை ஆகியவை அந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுபவை. 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்ட 14 காரணிகளில் இவையும் உண்டு. கைதிகள் பலரின் வாழ்க்கையே இந்தப் பட்டியல்தான். சிறையில் 50, 55 வயதிலேயே ஒருவரை முதியவராகக் கணக்கிடுவதும் இதனால்தான்.

சிக்கல் என்னவென்றால், சிறை இந்த நோயை மறைத்துவிடுகிறது. வெளியில் இருப்பவருக்கு மறதி தொடங்கினால் மாத்திரையைத் தவறவிடுவார், கடையில் சில்லறைக் கணக்கில் தடுமாறுவார், பழகிய தெருவில் வழி தவறுவார், வீட்டார் கவனித்துவிடுவார்கள். சிறையில் சமையல் இல்லை, பணம் இல்லை, பேருந்து இல்லை. எழுவதும் உண்பதும் படுப்பதும் கடிகாரப்படி. பல ஆண்டுப் பழக்கத்திலேயே நாள் ஓடிவிடும். அறை மாற்றினால்தான் குட்டு வெளிப்படும். அப்போதும் அடுத்தவர் கட்டிலில் போய்ப் படுப்பது அத்துமீறலாகவும், வரிசைக்கு வராதது கீழ்ப்படியாமையாகவும் பதிவாகும்.

ஆகவே மருத்துவர்கள் முதிய கைதிகளின் இயலாமையை அளக்கும் அளவுகோலையே மாற்றினார்கள். குளிப்பது, உடுத்துவது போன்ற வழக்கமான கேள்விகள் மட்டும் போதாது என்று கண்ட மருத்துவர் பிரீ வில்லியம்ஸ் குழுவினர், கலிபோர்னியாவில் 55 வயதைத் தொட்ட பெண் கைதிகளிடம் 2006-ல் வெளியான ஆய்வில் வேறு ஐந்தைக் கேட்டார்கள்: மேல் கட்டிலில் ஏறி இறங்குவது, தலை எண்ணும்போது நிற்பது, உணவுக்கூடத்துக்கு நடப்பது, உத்தரவைக் காதில் வாங்குவது, அபாய மணிக்குத் தரையோடு தரையாவது. இவற்றில் ஒன்றாவது மிகக் கடினம் என்றவர்கள் 69 சதவீதம்.

சரி, நினைவு தவறும் கைதிகளை யார் பார்த்துக்கொள்வது? சான் லூயிஸ் ஒபிஸ்போவில் உள்ள கலிபோர்னியா ஆண்கள் சிறை 2009-ல் சக கைதிகளையே அழைத்தது. அல்சைமர் சங்கத்திடம் பயிற்சி பெற்ற இவர்கள் நீலச் சீருடைகளுக்கு நடுவே மஞ்சள் மேலங்கி அணிவதால் ‘கோல்டு கோட்ஸ்’ எனப்படுகிறார்கள். குளிப்பாட்டுவது, சாப்பிட அழைத்துப் போவது, மற்றவர்கள் சீண்டாமல் காப்பது, மருத்துவரிடம் மாற்றங்களைச் சொல்வது எல்லாம் இவர்கள் வேலை. 2012 நிலவரப்படி மாதம் 50 டாலர் கூலி. கொலைக்குத் தண்டனை பெற்றவர்களும் இதில் இருந்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஃபிஷ்கில் சிறை வேறு வழியில் போனது: 2006-ல் 30 படுக்கைகளுடன் தனிப் பிரிவு, அதற்கென்று பயிற்சி பெற்ற ஊழியர்கள்.

சட்டமும் இந்த மறதியை எதிர்கொண்டது. காவல்துறை அதிகாரி ஒருவரை 1985-ல் கொன்று மரண தண்டனை பெற்ற வெர்னன் மேடிசனுக்குப் பக்கவாதத்தால் நினைவு சிதைந்தது. குற்றத்தை மறந்துவிட்டார் என்பதற்காக மட்டும் தண்டனையை நிறுத்த முடியாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். ஆனால், தனக்கு ஏன் இந்தத் தண்டனை என்று அறிவால் புரிந்துகொள்ளவே முடியாத நிலை டிமென்ஷியாவால் வந்தாலும் மரண தண்டனையை நிறைவேற்றக் கூடாது என்று 2019-ல் தெளிவுபடுத்தியது.

மரண தண்டனை இல்லாத மற்றக் கைதிகளை விடுவித்துவிடலாமே என்றால், ஏற்க இடம் வேண்டும். கனெக்டிகட்டின் ராக்கி ஹில்லில் பரோலில் வரும் நோயாளிகளுக்காக 2013-ல் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம் திறக்கப்பட்டபோது, ஊரார் எதிர்ப்பு நீதிமன்றம்வரை போனது.

பெரிய கட்டடங்களும் சட்டத் திருத்தங்களும் வரும்போது வரட்டும். இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: இத்தனை காலம் ஒழுங்காக இருந்த முதிய கைதி திடீரென விதி மீறத் தொடங்கினால், விசாரணைக்கு அனுப்புமுன் நினைவாற்றல் பரிசோதனைக்கு அனுப்புவது. சில நிமிடங்களில் முடிகிற அந்தச் சோதனை, நோயாளி ஒருவரைத் தனிமைச் சிறையிலிருந்து காப்பாற்றக்கூடும்.