திரையில் வாசிப்பு – 11: பிறகு படிக்க வைத்த கட்டுரை எங்கே போய்ச் சேர்கிறது?

2025 ஜூலை 8 அன்று பாக்கெட் மூடப்பட்டது. இணையத்தில் கண்ணில் படும் கட்டுரையை ஒரு பொத்தானை அழுத்தி எடுத்துவைத்து, நேரம் கிடைக்கும்போது படிக்க உதவிய சேவை அது. நேட் வீனர் என்பவர் 2007இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கான சிறிய துணைநிரலாக, 'ரீட் இட் லேட்டர்' என்ற பெயரில் தொடங்கியது. 2012இல் பாக்கெட் ஆனது, 2017இல் மொசில்லாவின் கைக்கு வந்தது. மூடும்போது மொசில்லா முறையாகவே அறிவித்தது. சேமித்தவற்றை இறக்கிக்கொள்ள மாதக்கணக்கில் அவகாசமும் தந்தது. ஆனால் இறக்கிய கோப்பில் தலைப்பு, சுட்டி, குறிச்சொல் போன்றவைதான் இருந்தன. கட்டுரையின் உரை இல்லை.

அந்தச் சுட்டிகளில் எத்தனை இனித் திறக்கும்? அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளில் கிடைக்காமல் போய்விட்டன. தமிழ் வாசகர்களுக்கு இது இன்னும் நெருக்கமான கவலை. தமிழில் நல்ல எழுத்து கணிசமாக வந்தது தனிமனிதர்கள் கைக்காசு போட்டு நடத்திய தளங்களில். ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறினால் அப்படிப்பட்ட தளத்தின் பெயர்கூட வேறு யாருக்கோ போய்விடும். எழுதியவர் மறைந்தபின் குடும்பத்தில் யாருக்கும் கடவுச்சொல் தெரியாமல் அடங்கிப்போகும் தளங்களும் உண்டு.

அதனால் இந்த வாரம் நான் சொல்ல வந்தது இதுதான்: பிறகு படிக்க விரும்பும் கட்டுரையை, அதன் முழு உரையோடு, உங்கள் மின்னஞ்சல் பெட்டிக்கே அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செயலிகள் இருக்க, ஏன் மின்னஞ்சல்? செயலிகளின் ஆயுளைப் பாருங்கள். மார்கோ ஆர்மெண்ட் 2008இல் தொடங்கிய இன்ஸ்டாபேப்பர் 2013இல் பீட்டாவொர்க்ஸுக்கும் 2016இல் பின்டரெஸ்டுக்கும் கைமாறி, 2018இல் மறுபடி தனி நிறுவனமானது. அது இன்றும் நடக்கிறது, மகிழ்ச்சி. பலர் பெரிதும் நம்பிய ஆம்னிவோர், அதை உருவாக்கியவர்கள் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்ததும் 2024 நவம்பரில் நின்றது. மின்னஞ்சலுக்கு அப்படி ஒரு முதலாளி இல்லை. அஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி விதிமுறையை ஜான் போஸ்டல் 1982இல் எழுதி எல்லோருக்கும் பொதுவாக வைத்தார். ஒரு நிறுவனத்தின் பெட்டியில் இருக்கும் அஞ்சல்களை இன்னொரு நிறுவனத்தின் பெட்டிக்கு இன்றும் மாற்றிக்கொள்ள முடிகிறது. முகவரி மாறலாம், அஞ்சல் நம்மிடமே இருக்கும்.

இணையப் பக்கத்தை அஞ்சலில் படிப்பது ஒன்றும் புதிய யோசனையில்லை. 1990களின் நடுவில் உலகின் பல இடங்களில் மின்னஞ்சல் மட்டும்தான் கிடைத்தது, முழு இணைய இணைப்பு கிடையாது. அவர்களுக்காக, உலகளாவிய வலை பிறந்த செர்ன் ஆய்வகத்தில் 'அகோரா' என்ற நிரல் உருவானது. வேண்டிய பக்கத்தின் முகவரியை அஞ்சலில் எழுதி அனுப்பினால், அந்தப் பக்கத்தின் உரை பதில் அஞ்சலாக வந்து சேரும். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், இணையப் பக்கங்களை இதே வகையில் அஞ்சலாக வரவழைத்துப் படிப்பது தன் வழக்கம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்.

இனி செய்முறை. கைபேசியில் 'பகிர்' பொத்தானை அழுத்தி மின்னஞ்சலைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் தலைப்பும் சுட்டியும் மட்டுமே போகும். அது போதாது. முதலில் பக்கத்தை உலாவியின் வாசிப்பு முறைக்கு மாற்றுங்கள். விளம்பரங்களும் ஓரப்பட்டைகளும் மறைந்து உரை மட்டும் நிற்கும். அதை முழுவதும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, உங்களுக்கே எழுதும் அஞ்சலில் ஒட்டுங்கள். மேக் கணினியின் சஃபாரியில் இந்த வேலைகூட வேண்டாம். பக்கத்தை அஞ்சலாக அனுப்பும்போது வாசிப்பு முறையிலேயே அனுப்பும் தேர்வு அதில் இருக்கிறது. அஞ்சலின் முதல் வரியில் மூலச் சுட்டியையும் எடுத்த தேதியையும் எழுதுங்கள். நாளை யாருக்காவது மேற்கோள் காட்ட வேண்டியிருந்தால் அந்த ஒரு வரி கைகொடுக்கும். படங்கள் முக்கியம் என்றால் தனியாக இணைத்துவிடுங்கள். ஒட்டிய அஞ்சலில் படம் தெரிந்தாலும், அது பல நேரம் மூலத் தளத்திலிருந்துதான் வந்துகொண்டிருக்கும். தளம் போனால் படமும் போய்விடும்.

இத்தனை குப்பைக்கு நடுவே எது கட்டுரை என்று உலாவி எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதை அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது. ஆர்க்90 என்ற அமெரிக்க நிறுவனம் 2009இல் வெளியிட்ட 'ரீடபிலிட்டி' நிரலில் இதன் வேர் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸின் வாசிப்பு முறை இன்றும் அதன் வழிவந்ததுதான். அந்த நிரல் ஒவ்வொரு பத்திக்கும் மதிப்பெண் போடுகிறது. 25 எழுத்துக்குறிகளுக்குக் குறைந்த பத்தியைக் கணக்கில் எடுப்பதில்லை. பத்தி நீள நீள, ஓர் எல்லைவரை, மதிப்பெண் கூடும். ஒவ்வொரு காற்புள்ளிக்கும் ஒரு மதிப்பெண். பட்டியல்களிலும் பொத்தான்களிலும் காற்புள்ளி அரிது. நிதானமாக எழுதப்பட்ட வாக்கியத்தில்தான் அது வரும் என்ற எளிய கவனிப்பு இது. சுட்டிகள் நெருக்கமாக மண்டிக்கிடக்கும் பகுதிக்கு மதிப்பெண் குறையும். தமிழிலும் அதே காற்புள்ளியைத்தான் பயன்படுத்துகிறோம் என்பதால் தமிழ்க் கட்டுரையையும் இது சரியாகவே பிரித்தெடுக்கிறது. காற்புள்ளியே இல்லாமல் எழுதும் நவீன நடைக்காரர்கள் இங்கே சில மதிப்பெண்களை இழப்பார்கள்.

தமிழில் சேமிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. 102 கிலோபைட்டுக்கு மேல் போகும் அஞ்சலை ஜிமெயில் பாதியில் வெட்டிக் காட்டும். எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. 'கொ' என்பது இரண்டு குறி, ஆக ஆறு பைட். எனவே ஆங்கிலக் கட்டுரையைவிட மிகச் சீக்கிரம் தமிழ் நெடுங்கட்டுரை அந்த எல்லையைத் தொட்டுவிடும். பயப்பட வேண்டாம், உரை பத்திரமாகவே இருக்கும். அடியில் வரும் சுட்டியைத் தொட்டால் முழுதும் திறக்கும். தெரியாதவர்கள் கட்டுரை அங்கேயே முடிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாதே என்பதற்காகச் சொல்கிறேன். இன்னொன்று, தேடல். நம் சொற்கள் வேற்றுமை உருபுகளோடு ஒட்டிக்கொண்டு வருபவை. 'மதுரை' என்று தேடினால் 'மதுரைக்கு', 'மதுரையிலிருந்து' என்று வரும் கட்டுரை சிக்காமல் போகலாம். அதனால் அஞ்சலின் தலைப்பு வரியில் எழுத்தாளர் பெயர், ஊர், பொருள் ஆகியவற்றை உருபில்லாத தனிச்சொற்களாக எழுதிவையுங்கள். பத்து வினாடி வேலை, ஐந்தாண்டு கழித்துப் பலன் தரும்.

வங்கி அறிவிப்புக்கும் மின்கட்டண நினைவூட்டலுக்கும் நடுவே ஒரு நல்ல கட்டுரை அமிழ்ந்துவிடாதா என்று கேட்கலாம். அமிழ்ந்துவிடும். ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறியும் ஆங்கில எழுத்தில் 'படிக்க' என்ற சொல்லும் சேர்த்து அனுப்பினாலும் அஞ்சல் உங்களுக்கே வரும். அந்த முகவரிக்கு வருபவற்றைத் தனி அடையாளத்தின்கீழ் ஒதுக்கும்படி ஒரு வடிகட்டி அமைத்துவிட்டால் போதும். ஒரு கட்டுரையை ஞாயிறு காலை படிக்க நினைத்தால், அந்த நேரத்தில் பெட்டியின் தலைமாட்டுக்கு அது திரும்பி வரும்படி 'ஸ்னூஸ்' செய்யலாம். இட நெருக்கடியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி தந்தபோது ஹாட்மெயில் தந்தது 2 எம்பி. இன்று இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில், 100 கிலோபைட் அளவுள்ள கட்டுரைகள் ஒன்றரை லட்சம் அடங்கும்.

அஞ்சலில் வைத்த உரை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. 2000களின் தொடக்கத்தில் மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் போன்ற யாஹூ மின்னஞ்சல் குழுமங்களில் தமிழர்கள் கதையும் கட்டுரையும் விவாதமுமாக எழுதிக் குவித்தார்கள். அந்தக் குழுமங்களில் சேர்ந்திருந்ததை யாஹூ அழிக்கப்போவதாக 2019 அக்டோபரில் அறிவித்தது. 2020 டிசம்பரில் சேவையே மூடப்பட்டது. குழும மடல்களைத் தனித்தனி அஞ்சலாகப் பெற்று, அழிக்காமல் வைத்திருந்தவர்களிடம் அவை இன்னும் இருக்கின்றன. பழைய மடல்கள் பல, ஒருங்குறி பரவுவதற்கு முன் புழங்கிய திஸ்கி குறியாக்கத்தில் எழுதப்பட்டவை. இன்று திறந்தால் பொருளற்ற ரோமன் குறிகளாகத் தெரியும். ஆனாலும் பைட்டுகள் சிதையாமல் இருப்பதால், எழுத்துரு மாற்றிகளில் இட்டால் ஒருங்குறித் தமிழாக எழுந்து வருகின்றன.

பெட்டியை மட்டும் நம்பி இருந்துவிடவும் வேண்டாம். இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் கணக்குகளை நீக்கும் விதியைக் கூகுள் 2023இல் கொண்டுவந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, 'டேக்அவுட்' வசதியில் உங்கள் 'படிக்க' அடையாளத்தை மட்டும் தேர்ந்தெடுத்து இறக்கி, வேறொரு வட்டில் வையுங்கள். கிடைப்பது எம்பாக்ஸ் கோப்பு. 1970களின் யூனிக்ஸ் கணினிகளில் அஞ்சல் சேமிக்க எழுந்த எளிய வடிவம் அது. கட்டணமில்லாமல் கிடைக்கும் தண்டர்பேர்டில், ஒரு துணைநிரலின் உதவியோடு, அதைத் திறந்து படிக்கலாம்.