17 பாட்டு, 58 நிமிடம்... 'குயின்' இசைத்தட்டு ஒன்று இரண்டானது ஏன்?

பிரிட்டனில் இதுவரை அதிகம் விற்ற ஆல்பம் எது? பலருக்கும் பீட்டில்ஸ் என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் முதலிடத்தில் இருப்பது, 'குயின்' ராக் இசைக்குழு 1981-ல் வெளியிட்ட 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'. ஆன்லைனில் கேட்பவர்களையும் சேர்த்துப் போடும் இன்றைய கணக்கில், 2022-ல் அங்கே 70 லட்சத்தைத் தொட்ட முதல் ஆல்பமும் இதுதான். இதன் பாடகர் ஃப்ரெடி மெர்குரி, சான்சிபாரில் பிறந்த பார்சி. படித்தது நம் மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில்!

இவ்வளவு பேர் கொண்டாடிய அந்த இசைத்தட்டுக்கு ஒரு குறை உண்டு. இடப் பற்றாக்குறை.

நல்ல ஒலி வேண்டுமென்றால், எல்பி ரெக்கார்டின் ஒரு பக்கத்தில் 20 நிமிடம் வரை பதிவது வசதி. 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' ஆல்பத்தில் 17 பாடல்கள், மொத்தம் சுமார் 58 நிமிடம். அதாவது பக்கத்துக்கு 29 நிமிடம். ஷேர் ஆட்டோவில் பத்துப் பேரை ஏற்றிய கதைதான். டிரம்ஸும் பேஸும் அதிரும்போது, தட்டிலுள்ள வரிப்பள்ளம் அகலமாக வளைய வேண்டும். பக்கத்து வரி ஒட்டி நிற்கும்போது அது எப்படி வளையும்? அதனால் சத்தத்தைக் குறைத்து, பேஸையும் அடக்கித்தான் பதிய முடியும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தட்டின் வெளி விளிம்பில் ஊசி விநாடிக்குச் சுமார் 50 செ.மீ. தூரம் ஓடுகிறது. நடுவை நெருங்கும்போது அது 20 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். அதே ஒரு விநாடிப் பாட்டு, பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கப்படுகிறது. 'ச', 'ஸ' ஒலிகள் கரகரப்பது பெரும்பாலும் அங்கேதான். இந்த ஆல்பத்தில் அந்தக் கடைசி இடத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டு எது தெரியுமா? ஸ்டேடியமே சேர்ந்து பாடும் 'வி ஆர் த சாம்பியன்ஸ்'!

பாதி வேகத்தில் ஒரு வேலை

2016-ல் இந்த ஆல்பம் இரண்டு தட்டுகளாக மறுபடி வந்தது. இப்போது பக்கத்துக்கு 15 நிமிடம்கூட இல்லை. லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் 'ஹாஃப் ஸ்பீடு' முறையில் இதை வெட்டினார்கள். நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்ற வேண்டிய தட்டு, வெட்டும்போது அதில் பாதி வேகத்தில் சுற்றும். பாட்டையும் பாதி வேகத்தில்தான் ஓடவிடுவார்கள். வெட்டும் ஊசிக்கு இரண்டு மடங்கு நேரம் கிடைப்பதால், சிம்பல் போன்ற மெல்லிய உச்ச ஒலிகளையும் அது தெளிவாகச் செதுக்குகிறது. 58 நிமிடப் பாட்டை வெட்ட மட்டும் கிட்டத்தட்ட 2 மணி நேரம்.

அட்டையில் பெரிதாகப் போடும் '180 கிராம்' என்ற எடைக்கும் ஒலிக்கும் நேரடித் தொடர்பு பெரிதாக இல்லை. கையில் எடுத்தால் கனமாக, கம்பீரமாக இருக்கும். அவ்வளவுதான்.

'ஆடியோபைல்' ரசிகர்கள் ஓயாமல் சண்டை போடுவது வேறொரு விஷயத்துக்கு: நடுவில் டிஜிட்டல் நுழைந்ததா இல்லையா? உயர்தர மறுபதிப்புகளுக்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் 'மொபைல் ஃபிடெலிட்டி' நிறுவனம், தன் தட்டுகள் பலவற்றில் டிஜிட்டல் கட்டம் இருப்பதை 2022-ல் ஒப்புக்கொண்டது. முழுக்க அனலாக் என்று நம்பிக் காசு கொடுத்தவர்கள் கொதித்தார்கள். வழக்கு வரை போனது. வேடிக்கை என்னவென்றால், அதே தட்டுகளைக் கேட்டு 'இதுதான் அசல் அனலாக்' என்று சிலாகித்தவர்களில் தேர்ந்த காதுக்காரர்களும் இருந்தார்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது. விற்பவர் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒலி மோசமாக இருந்ததாக அதற்கு முன் யாரும் பெரிதாகப் புகார் சொல்லவில்லையே!

வாங்கலாமா?

ஸ்பீக்கரோடு சேர்ந்த சூட்கேஸ் மாடல் பிளேயர்தான் வீட்டில் இருக்கிறதா? அப்படியென்றால் அவசரப்பட வேண்டாம். நல்ல பிளேயரின் ஊசி தட்டை அழுத்துவது 2 கிராம் அளவில். மலிவான பல பிளேயர்களில் அது இரண்டு மடங்குக்கும் மேல் போகும். அதில் ஓட்டினால் புதுத் தட்டு சீக்கிரம் தேயும், கூடுதல் தெளிவும் காதுக்கு எட்டாது. முதல் செலவு பிளேயருக்குத்தான்.

ஒரே ஒரு அசௌகரியம்: 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும்.

அப்பாவோ மாமாவோ வைத்திருந்த பழைய தட்டு வீட்டில் இருந்தால், புதியதை வாங்கும் முன் நண்பரிடம் இரவல் கேட்டு இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். சத்தத்தை இரண்டுக்கும் ஒரே அளவில் வைப்பது முக்கியம். கொஞ்சம் உரக்க ஒலிப்பதே நல்லது என்று காது ஏமாந்துவிடும். முதல் பாட்டில் வித்தியாசம் தெரியாமல் போகலாம். நேராகக் கடைசிப் பாட்டில் ஊசியை வையுங்கள்.