ஏற்காடு காபி, சேலத்து போர் தண்ணி: டிகாக்‌ஷன் ஏன் சப்புனு இருக்கு?

ஏற்காட்டுல வாங்குன அதே பொடி, அதே ஃபில்டர். காவிரித் தண்ணில போட்டா மணக்குது. போர் தண்ணில போட்டா சப்புனு இருக்கு. பாவம், திட்டு வாங்குறது பொடிதான்!

காரணம், போர் தண்ணியில் கரைந்திருக்கும் பைகார்பனேட். காபியின் இயல்பான புளிப்பை அது முறித்துவிடுகிறது. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதோட கைவரிசைதான்.

அப்போ ஆர்.ஓ. தண்ணி? அதுவும் முழுத் தீர்வு இல்லை. சுவையை இழுத்து இறக்க கொஞ்சம் மெக்னீசியம், கால்சியம் வேணும். ஸ்பெஷாலிட்டி காபி சங்கத்தின் இலக்கு, லிட்டருக்கு 150 மி.கி. டி.டி.எஸ். இந்தியக் குடிநீர்த் தரம் 500 வரை ஏற்கிறது.

உங்க போர் 600, ஆர்.ஓ. 50 என்றால், நாலு டம்ளர் ஆர்.ஓ.வுக்கு ஒரு டம்ளர் போர் கலந்தால் 160 வரும். ஆனால் போரில் ஃபுளோரைடு இருந்தால் கலக்காதீங்க. கொதிக்க வைத்தாலும் அது போகாது. காவிரித் தண்ணியையே பிடிச்சு வைங்க.