தனகோடி அம்மாளின் தட்டும் ஃபோனோ ஸ்டேஜும்

காஞ்சிபுரத்தின் சங்கீதப் பெருமையை நினைக்கும்போதெல்லாம், கிராமபோன் தட்டில் பாட இசையாமலே 1934இல் மறைந்த நாயனாப் பிள்ளையின் சாரீரம் நமக்கு எட்டாமற் போயிற்றே என்ற ஏக்கமும், அவருடைய தாயாரின் சகோதரியாகிய தனகோடி அம்மாளின் குரலேனும் அரக்குத் தட்டில் தங்கியிருக்கிறதே என்ற ஆறுதலும் ஒருங்கே எழுகின்றன. அவ்விதம் தங்கிய குரலை இன்றைய வீட்டு யந்திரத்தில் கேட்க விரும்புவோர், டர்ன்டேபிளுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே அமரும் ஃபோனோ ஸ்டேஜ் என்னும் சிறு பெட்டியின் சூக்ஷ்மத்தை அறிந்திருத்தல் அவசியம்.

முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் பிறப்பிக்கும் மின்சாரம் மிக அற்பமானது. காந்தம் அசையும் கார்ட்ரிட்ஜ் சுமார் 5 மில்லி வோல்ட் தரும். சுருள் அசையும் ஜாதி பெரும்பாலும் அரை மில்லி வோல்ட்டையும் எட்டுவதில்லை. முன்னதை ஏறக்குறைய 100 மடங்கும், பின்னதை 1000 மடங்கும் பெருக்க வேண்டியிருப்பதால், ஜரிகையில் வெள்ளி எவ்வளவென்று கேட்டு வாங்கும் நம்மவர், தம் கார்ட்ரிட்ஜ் எந்த ஜாதி, அதற்கேற்ற பெருக்கம் இப்பெட்டியில் உண்டா என்று கேட்டு வாங்குவதே முறை. எர்த் கம்பியைச் சரியாக இணைக்காவிட்டால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் சுருதியைக் கெடுத்துவிடும்.

பெருக்குவதோடு இதன் பணி முடிவதில்லை. மந்திர ஸ்தாயியை உள்ளபடியே வெட்டினால் பள்ளம் அகன்று தட்டில் இடம் போதாது. ஆதலால் அதைத் தாழ்த்தியும், மேல் ஒலிகளை உயர்த்தியும் வெட்டுகிறார்கள். ஆர்.ஐ.ஏ.ஏ. என்று 1954இல் வகுக்கப்பட்ட அளவின்படி, 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபல் உயர்த்தியும், 20,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய அவ்வளவே தாழ்த்தியும் ஃபோனோ ஸ்டேஜ் அதைச் சமன் செய்கிறது. மேல் ஒலியைத் தாழ்த்தும்போது தட்டின் இரைச்சலும் கூடவே தாழ்வது ஒரு விசேஷம். இந்த அளவு பிசகிய பெட்டியில் மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கமாகிய தொப்பி வெறும் தட்டலாகவோ பெருமுழக்கமாகவோ கேட்கும்; நான் எந்தப் பெட்டியையும் முதலில் தொப்பியைக் கேட்டே மதிப்பிடுவேன்.

எம். எஸ். சுப்புலக்ஷ்மி பாடி 1963இல் வெளியான வேங்கடேச சுப்ரபாத எல்.பி.க்கு இந்த ஏற்பாடு போதும். ஆனால் 1925இல் மின்சார ஒலிப்பதிவு வருமுன், புனல்போன்ற குழாயின் எதிரே நின்று பாடிப் பதிந்த தட்டுகள் இந்த அளவுக்குக் கட்டுப்பட்டவை அல்ல, ஆர்.ஐ.ஏ.ஏ. வழியாக ஓட்டினால் பஞ்சுப் பொதிக்குப் பின்னிருந்து பாடுவது போலிருக்கும். அவற்றை வைத்திருப்போர், சமன்பாட்டை நீக்கவோ மாற்றவோ விசையுள்ள பெட்டியையும், 78 சுழற்சித் தட்டுக்குரிய பருத்த முள்ளையும் தேடிக்கொள்ள வேண்டும். அப்போது இரைச்சலும் மிகுந்தே வரும். வரட்டும், அந்த இரைச்சலின் நடுவிலே தனகோடி அம்மாளின் மேல் ஷட்ஜம் துலக்கமாகக் கேட்கும்.